எந்த விதை நல்ல விதை? அத்தியந்தல் பாத்திகளின் கணக்கு

செங்கம், போளூர், கலசபாக்கம் பக்கத்துச் செம்மண் கொல்லைகளில் ஆடி பிறக்கும் முன்பே விதையைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். போன வருடம் பக்கத்துக் கொல்லைக்காரர் போட்ட புது ரகம் நன்றாக விளைந்தது, இந்த வருடம் நாமும் அதையே போடுவோம் என்பது அந்தப் பேச்சில் அடிக்கடி எட்டப்படும் முடிவு. வாங்கிப் போடுகிறார்கள். விளைச்சல் பழைய அளவிலேயே நிற்கிறது, சில சமயம் அதற்கும் கீழே போகிறது. அப்போது கடைக்காரர் கலப்பட விதை கொடுத்துவிட்டார் என்றும், மழை ஏமாற்றிவிட்டது என்றும், கைராசி இல்லை என்றும் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். இவற்றில் ஏதாவது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. போன வருடம் பக்கத்துக் கொல்லையில் விளைந்ததற்கு அந்த ரகம்தான் காரணம் என்று நமக்கு எப்படித் தெரியும்? அதே கொல்லையில் பழைய விதையைப் போட்டிருந்தால் எவ்வளவு விளைந்திருக்கும் என்பதை யாரும் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. ஒரு நிலத்தின் ஒரு பருவம் ஒரு முறைதான் வருகிறது.

திருவண்ணாமலையை ஒட்டிய அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. சாமை, தினை, பனிவரகு, குதிரைவாலி, வரகு, கேழ்வரகு ஆகியவற்றில் புது ரகங்களை உருவாக்குவது அதன் முக்கியமான வேலை. ஏ.டி.எல். என்ற எழுத்துகளோடு தொடங்கும் ரகப் பெயர்கள் இந்த ஊரின் பெயரைத்தான் சுமக்கின்றன. 2019-இல் வெளியான ஏ.டி.எல். 1 சாமை அவற்றில் ஒன்று. வட்டார ஆராய்ச்சி நிலையம் என்றதும் நம் மனத்தில் வருவது விதை மூட்டைதான். ஆனால் அந்த மூட்டைக்கு முன்னால் அங்கே இன்னொரு பொருள் உற்பத்தியாக வேண்டியிருக்கிறது. இந்த மண்ணில், இந்த மழையில், இந்த விதை அந்த விதையைவிட மேல் என்று நம்பிச் சொல்லத்தக்க ஓர் ஒப்பீடுதான் அது. என் பார்வையில் நிலையத்தின் அசல் விளைபொருள் இந்த ஒப்பீடே. அதை வேறு ஊரிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவர முடியாது என்பதுதான் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு நிலையம் வேண்டும் என்பதற்கு வலுவான காரணம்.

ஒப்பிடுவதில் அப்படி என்ன சிரமம் என்று தோன்றலாம். நிலத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் பழையதையும் மறுபாதியில் புதியதையும் விதைத்து, அறுத்து நிறுத்துவிட்டால் போதாதா? போதாது என்பதை இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் மெர்சர், ஹால் என்ற இருவர் செய்து 1911-இல் வெளியிட்ட ஆய்வு நன்றாகவே காட்டியது. சீராக விளைந்ததுபோல் தெரிந்த ஒரு ஏக்கர் கோதுமை வயலை அவர்கள் 500 சிறு பாத்திகளாகப் பிரித்துத் தனித்தனியே அறுத்தார்கள். எல்லாப் பாத்திக்கும் ஒரே விதை, ஒரே உரம், ஒரே உழவு. ஆனாலும் மிகக் குறைந்த பாத்தியில் சுமார் 1.24 கிலோ தானியமும் மிக அதிகமான பாத்தியில் சுமார் 2.34 கிலோவும் கிடைத்தன. ஏறத்தாழ இரு மடங்கு வேறுபாடு. அதில் விதைக்குப் பங்கே இல்லை, பெரும்பாலும் மண்ணின் வேலை. நம் பக்கத்துக் கொல்லைகளில் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் கூடுதலாகவே இருக்கும். செம்மண்ணுக்கு அடியில் பாறை எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் இருப்பதில்லை. என்றோ ஆட்டுக்கிடை போட்ட மூலை, வேப்பமரம் நின்ற இடம், மழைத்தண்ணீர் வடிந்து தேங்கும் கீழ்வரப்பு என்று நிலத்துக்குள்ளேயே பல நிலங்கள் இருக்கின்றன. இப்படிப்பட்ட இடத்தில் புது ரகம் கீழ்வரப்புப் பாதியில் விழுந்தால் அது வெற்றி பெற்ற ரகமாகிவிடும். மேட்டுப் பாதியில் விழுந்திருந்தால் உதவாத ரகம் என்று பெயர் வாங்கியிருக்கும்.

கோணல் தராசில் சரியாக நிறுக்கும் பழைய உபாயம் ஒன்று பலருக்கும் தெரிந்திருக்கும். ஒருமுறை பொருளை இடத்தட்டிலும் எடைக்கல்லை வலத்தட்டிலும் வைத்து நிறுத்துவிட்டு, மறுமுறை தட்டுகளை மாற்றி வைத்து நிறுப்பார்கள். தராசின் கோணல் ஒருமுறை பொருளுக்கும் மறுமுறை கல்லுக்கும் சாதகமாகப் போவதால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது பெரும்பாலும் அடிபட்டுப் போகும். வயல் ஆய்வும் இதைத்தான் செய்கிறது. நிலத்தைச் சில தொகுதிகளாகப் பிரிப்பார்கள். ஒரு தொகுதிக்குள் இருக்கும் பாத்திகள் மண்ணாலும் சரிவாலும் கூடியவரை ஒத்தவையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் போட்டியிடும் எல்லா ரகங்களும் ஒருமுறை இடம்பெறும். கூடவே ஏற்கெனவே பரிந்துரையில் இருக்கும் ரகம் ஒன்றும் ஒப்பீட்டுக்காக நிற்கும். அதை ஆராய்ச்சியாளர்கள் ‘செக்’ என்றே சொல்வார்கள். இப்படித் தொகுதிக்குத் தொகுதி திரும்பச் செய்வது மறுசெய்கை. தொகுதிக்குள் எந்த ரகம் எந்தப் பாத்தியில் விழ வேண்டும் என்பதை ஆராய்ச்சியாளர் தீர்மானிப்பதில்லை, சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கிறார்கள். இதற்குப் பெயர் சமவாய்ப்பு முறை. 1919-இல் ராத்தம்ஸ்டெட்டில் சேர்ந்த ரொனால்டு ஃபிஷர்தான் இந்தக் குலுக்கலை வயல் ஆய்வின் நடுநாயகமாக்கினார். அறிவியலில் போய்க் குலுக்கலா என்று சிலருக்கு நெருடலாம். தான் வளர்த்த ரகத்துக்கு நல்ல பாத்தியைக் கொடுத்துவிடும் ஆசை, தெரிந்தோ தெரியாமலோ, எல்லா மனிதருக்கும் உண்டு. சீட்டுக்கு அந்த ஆசை கிடையாது.

குலுக்கலால் இன்னொரு லாபமும் இருக்கிறது, பெரிய லாபம் அதுதான். கிடைத்த முடிவு வெறும் அதிர்ஷ்டமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட வழி பிறக்கிறது. இரண்டு ரகங்கள், இரண்டும் உண்மையில் சமம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தொகுதியில் புது ரகம் முந்த வாய்ப்பு பாதிக்குப் பாதி. மூன்று தொகுதிகளிலும் தொடர்ந்து முந்த வாய்ப்பு எட்டில் ஒன்று, அதாவது அப்படி ஒன்றும் அபூர்வமல்ல. ஆறு தொகுதிகளிலும் முந்தினால் அது 64-இல் ஒன்று. அப்போதுதான் இது அதிர்ஷ்டமில்லை போலிருக்கிறதே என்று நிமிர்ந்து உட்காரலாம். உண்மையான ஆய்வில் யார் முந்தினார் என்பதோடு எவ்வளவு முந்தினார் என்பதும் கணக்கில் வருவதால் குறைந்த தொகுதிகளிலேயே ஓரளவு தெளிவு கிடைத்துவிடும். ஒரே ரகம் வெவ்வேறு தொகுதிகளில் எவ்வளவு மாறி விளைகிறது என்பதைப் பார்த்து, தொகுதிகளின் பொதுவான ஏற்றத்தாழ்வைக் கழித்தால் மிஞ்சுவது சோதனைப் பிழை. பிழை என்றாலும் யாரோ செய்த தவறு அல்ல இது. மண்ணும் பூச்சியும் பறவையும் சேர்ந்து எழுப்பும் இரைச்சலின் அளவு. ரகங்களுக்கு இடையிலான வித்தியாசம் இந்த இரைச்சலுக்கு மேலே தலை தூக்கினால்தான் அதற்கு மதிப்பு. பக்கத்துக் கொல்லைக்காரரின் வெற்றியில் நமக்குக் கிடைக்காமல் போனது இந்த அளவுதான். ஏக்கருக்கு ஒரு மூட்டை கூடுதலாக வந்தது என்று தெரியும். அந்தக் கொல்லையின் இரைச்சல் அரை மூட்டையா, இரண்டு மூட்டையா என்பது தெரியாது.

தலைமுறை தலைமுறையாக நிலத்தைப் பார்த்துவரும் விவசாயியின் கண்ணைவிட இந்தக் கணக்கு பெரிதா என்ற கேள்வி நியாயமானது. பல விஷயங்களில் அந்தக் கண்தான் பெரிது. எந்த மழைக்கு விதைக்கலாம், எந்தக் களை எப்போது தலையெடுக்கும் என்பதில் அவருக்கு நிகரில்லை. ஆனால் கண்ணால் பிரிக்க முடியாத இரண்டு இங்கே பின்னிக் கிடக்கின்றன. செழித்து நிற்கும் ஒரு சாமைச் செடி நல்ல பரம்பரையால் செழித்ததா, நல்ல இடத்தில் முளைத்ததால் செழித்ததா? டென்மார்க்கைச் சேர்ந்த வில்ஹெல்ம் யோஹான்சன் 1903-இல் வெளியிட்ட பீன்ஸ் ஆய்வு இந்த முடிச்சை அவிழ்த்தது. கடையில் கிடைத்த கலவையான பீன்ஸிலிருந்து பெரிய விதைகளைப் பொறுக்கி விதைத்தபோது அடுத்த தலைமுறையின் சராசரி எடை கூடியது. ஆனால் ஒற்றைச் செடியிலிருந்து தன்மகரந்தச் சேர்க்கையால் பெருகிய வம்சத்துக்குள் பெரிய விதையைப் பொறுக்கினாலும் சிறிய விதையைப் பொறுக்கினாலும் பிள்ளைகள் ஒரே சராசரிக்குத்தான் வந்து நின்றன. அந்த வம்சத்துக்குள் இருந்த பெரியது சிறியது எல்லாம் சூழலின் வேலை, பரம்பரையாக இறங்கவில்லை. இப்படிப்பட்ட வம்சத்தைத் தூய வழி என்கிறோம். சாமையும் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையில் பெருகும் பயிர்தான். எனவே நன்றாக நிற்கும் கதிராகப் பார்த்து விதைக்கு எடுத்துவைக்கும் பழக்கம் கலவையான நாட்டுச் சாமையில் பலன் தரும். ஏற்கெனவே தூயதாகிவிட்ட ரகத்தில் அது கலப்படத்தை நீக்கும், விளைச்சலை உயர்த்தாது. நிலையத்தில் ஒரு செடியைத் தேர்ந்தெடுத்தால் அந்தச் செடியைப் பார்த்து முடிவு செய்வதில்லை. அதன் விதையைத் தனி வரிசையாக விதைத்து, பிள்ளைகளின் நடத்தையைப் பார்த்துத் தாயை மதிப்பிடுகிறார்கள். சாமையின் பூ மிகச் சிறியது, திறந்திருக்கும் நேரமும் குறைவு. கைப்பட ஒட்டுச் சேர்ப்பது அவ்வளவு நுணுக்கமான வேலை என்பதும் நெல்லோடு ஒப்பிட்டால் சிறுதானியங்களில் புது ரகங்கள் மெதுவாக வந்ததற்கு ஒரு காரணம்.

அதெல்லாம் சரி, கோயம்புத்தூரில் 1923-லேயே சிறுதானியப் பயிர்ப்பெருக்க நிலையம் வந்துவிட்டது, ஜி.என். ரங்கசாமி அய்யங்கார் போன்றவர்கள் அங்கே பெரும் வேலை செய்திருக்கிறார்கள், பிறகு அத்தியந்தலில் எதற்குத் தனியாக ஒன்று? கோவையில் ஜெயித்த ரகம் திருவண்ணாமலையில் ஜெயிக்காதா? ஜெயிக்கலாம், ஆனால் நிச்சயமில்லை. அதற்கான காரணத்தை இந்த மாவட்டத்துக்குள்ளேயே பார்க்கலாம். திருவண்ணாமலைச் சமவெளிக்கும் ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துக்கும் உயரத்தில் குறைந்தது 500 மீட்டர் வித்தியாசம் இருக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும், எனவே 500 மீட்டருக்கு மூன்று டிகிரி. மூன்று டிகிரி நமக்கு ஒரு போர்வை விஷயம். பயிருக்கு அது நாள்காட்டியே மாறுகிற விஷயம். பயிர் நாள்களை எண்ணி வளர்வதில்லை, அன்றன்று கிடைக்கும் வெப்பத்தைச் சேர்த்துச் சேர்த்து வளர்கிறது. சுமார் 10 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும் என்று தோராயமாகக் கொண்டால், 28 டிகிரி சராசரி உள்ள சமவெளியில் பயிருக்கு நாளொன்றுக்கு 18 டிகிரி வரவாகிறது. 25 டிகிரி உள்ள மலையில் 15 தான். சமவெளியில் 85 நாளில் பயிர் சேர்த்த மொத்த வெப்பம் 1530. அதே தொகையைச் சேர்க்க மலையில் 102 நாள் ஆகும். இது மிக எளிமைப்படுத்திய கணக்குதான், பகல் நீளமும் ஈரமும் இதில் வரவில்லை. ஆனாலும் போக்கு புரிகிறது. சமவெளியில் மழை ஓய்ந்த வெயிலில் அறுவடைக்கு வரும் ரகம், இரண்டு வாரம் தள்ளி மலையில் மழைக்குள் மாட்டிக்கொண்டு சாயலாம். கீழே முதலிடத்தில் இருந்த ரகம் மேலே மூன்றாம் இடத்துக்குப் போவது இப்படித்தான். மரபுக்கும் சூழலுக்கும் இடையிலான இந்த ஊடாட்டத்தை எந்த ஆய்வுக்கூடத்திலும் முன்கூட்டிக் கணித்துவிட முடிவதில்லை. அங்கங்கே விதைத்துத்தான் பார்க்க வேண்டும். 1986-இல் சிறுதானியங்களுக்கென்றே பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டதும், அதன் கீழ் ஒரே ரகத் தொகுப்பைப் பல மாநில நிலையங்கள் ஒரே பருவத்தில் விதைப்பதும் இதனால்தான்.

விவசாயிகள் அடிக்கடி சொல்லும் எதிர்ப்பு வேறு. ஆராய்ச்சிப் பண்ணையில் எல்லாம் விளையும், ஆள் இருக்கிறது, உரம் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, எங்கள் மானாவாரிக் கொல்லையில் அந்த அளவு எங்கே வரும் என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மை. ரகத் துண்டறிக்கையில் ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று அச்சிட்டிருப்பது வாக்குறுதி அல்ல, அதை வாக்குறுதிபோல் அச்சிடுவது எனக்கு எப்போதுமே உடன்பாடில்லை. வயல் ஆய்வு உறுதிப்படுத்துவது இரண்டு ரகங்களுக்கு இடையிலான வித்தியாசத்தை மட்டுமே. இரண்டும் ஒரே கவனிப்பைப் பெற்றன, ஒன்று இவ்வளவு முந்தியது, அவ்வளவுதான். நல்ல கவனிப்பில் முந்திய ரகம் குறைந்த கவனிப்பிலும் முந்துமா என்பது தனிக் கேள்வி. ஊட்டம் கொடுத்தால் பொங்கி விளைந்து, கொடுக்காவிட்டால் படுத்துவிடும் ரகங்கள் உண்டு. எதைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சுமாராக விளைந்து நிற்கும் ரகங்களும் உண்டு. பண்ணையில் மட்டும் சோதித்தால் முதல் வகைதான் எப்போதும் பரிசு வாங்கும். இதைத் தடுக்கவே வெளியீட்டுக்கு முன்பு விவசாயிகளின் சொந்த நிலங்களில் அனுசரணை ஆராய்ச்சித் திடல்கள் போடப்படுகின்றன. விவசாயி தன் வழக்கப்படி பயிர் செய்கிறார், செக் ரகமும் பக்கத்திலேயே நிற்கிறது. ஒரு திடலின் முடிவு தனியாக ஒன்றும் சொல்லாது. பல ஊர்த் திடல்களைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒவ்வொரு கொல்லையும் ஒரு தொகுதிபோல் ஆகிவிடுகிறது. நிலத்தின் ஏற்றத்தாழ்வு அங்கே தொந்தரவு அல்ல, அதுவே சோதனையின் பகுதி.

ஆனால் எதை அளக்கிறோம் என்பதில் நிலையங்கள் இன்னும் தாராளமாக இருக்கலாம். தானிய எடையை அளப்பது சுலபம் என்பதால் அதற்கு முதலிடம் போய்விடுகிறது. ஜவ்வாது மலையில் சாமை வெறும் தானியமல்ல, மாட்டுக்குத் தீவனமும் அதுதான். தட்டை எவ்வளவு கிடைக்கும், உமி எளிதில் போகுமா, சோறு எப்படி இருக்கும் என்ற கேள்விகள் அங்கே விளைச்சலோடு சமமாக உட்காருகின்றன. கொஞ்சம் மாற்றம் தெரிகிறது என்பதும் உண்மை. சாயாமல் நிற்பது, ஒரே சமயத்தில் முதிர்வது, இயந்திர அறுவடைக்கு ஏற்றதாக இருப்பது போன்ற பண்புகள் ஏ.டி.எல். 1 சாமையில் முன்னிறுத்தப்பட்டன. அறுப்புக்கு ஆள் கிடைக்காத காலத்தில் இவை கிலோ கணக்கைவிட முக்கியமாகிவிடலாம்.

மரபு விதைகளின் பக்கம் நிற்பவர்கள் எழுப்பும் ஆட்சேபம் இதைவிட ஆழமானது. மலையில் சிட்டஞ்சாமை, பெருஞ்சாமை என்று எத்தனையோ நாட்டு வகைகள் காலங்காலமாகத் தாக்குப்பிடித்து வந்திருக்கின்றன. நிலையம் ஒரு ரகத்தைக் கொண்டுவந்தால் அவையெல்லாம் மறைந்துவிடாதா? இதற்கு இந்தப் பகுதியின் நிலக்கடலைச் சரித்திரத்தில் இரண்டு பக்கத்துக்கும் சான்று இருக்கிறது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-இல் வெளியிட்ட டி.எம்.வி. 2, குடியாத்தம் பகுதியில் பயிரான குத்துக்கடலையிலிருந்து தேர்ந்தெடுத்தது. குடியாத்தமும் திருவண்ணாமலையும் அன்று ஒரே வட ஆர்க்காடு மாவட்டம். விவசாயிகள் கையில் இருந்த கலவையிலிருந்து எடுத்த விதை இந்தியாவின் பல மாநிலங்களுக்குப் பரவி, பல பதிற்றாண்டுகள் கோலோச்சியது. எனவே நிலையமும் நாட்டு விதையும் எதிரிகள் என்ற சித்திரம் தவறு. நாட்டு விதை இல்லாமல் தேர்ந்தெடுக்க எதுவுமே இருந்திருக்காது. அதே டி.எம்.வி. 2 மறுபக்கத்தையும் காட்டுகிறது. ஒரே ரகம் அவ்வளவு பரப்பில், அவ்வளவு காலம் நின்றால், ஒரு நோய் அதற்குப் பழகியதும் எல்லாக் கொல்லையும் ஒன்றாகவே அடி வாங்கும். துரு நோய்க்கும் இலைப்புள்ளி நோய்க்கும் அது எளிதில் ஆளாகும் ரகம்தான். கலவையான நாட்டுச் சாமையில் ஒரு செடி வீழ்ந்தால் இன்னொன்று நிற்கும், அந்தக் காப்பீடு தூய வழிக்குக் கிடையாது. ஆகவே நாட்டு வகைகளை மரபணு வங்கியின் குளிர்பெட்டியில் வைத்தால் மட்டும் போதாது, மலைக் கொல்லைகளிலும் அவை விளைந்துகொண்டிருக்க வேண்டும். ஆய்வுப் பாத்திகளில் பரிந்துரை ரகத்தோடு உள்ளூர் வகை ஒன்றையும் செக்காக நிறுத்துவது இதற்கு மலிவான தொடக்கம். சில இடங்களில் உள்ளூர் வகையே முந்தும், முந்தினால் அதையும் சொல்லிவிட வேண்டியதுதான்.

இவ்வளவையும் ஏன் அரசு செய்ய வேண்டும், விதைக் கம்பெனிகள் செய்யாதா என்பவர்களுக்கான பதில் சாமைப் பூவுக்குள்ளேயே இருக்கிறது. வீரிய ஒட்டு மக்காச்சோளத்தில் அறுத்த தானியத்தை மறுபடி விதைத்தால் பயிர் கலைந்துவிடும், வருடா வருடம் விதை வாங்கியே ஆக வேண்டும். கம்பெனிக்கு வருமானம் அங்கே இருக்கிறது. தன்மகரந்தச் சேர்க்கைப் பயிரில் பிள்ளை தாயைப் போலவே இருக்கும். பல்கலைக்கழகத்தின் வல்லுநர் விதையிலிருந்து ஆதார விதையும், அதிலிருந்து நீல அட்டை கட்டிய சான்று விதையும் பெருக்கப்படுகின்றன. ஒரு ஹெக்டேர் சாமைக்குச் சுமார் 10 கிலோ சான்று விதை போதும். அதில் 1500 கிலோ விளைந்தால், கலப்பில்லாமல் அறுத்துக் காயவைத்துப் பாதுகாக்கும் பட்சத்தில், அடுத்த ஆடிக்கு 150 ஹெக்டேருக்கான விதை ஒரே வீட்டுக் குதிரில் இருக்கிறது. அந்த விவசாயி மறு வருடம் விதைக்கடைப் பக்கம் போக மாட்டார். அவரிடம் படியளந்து வாங்கிக்கொண்டு போகும் பக்கத்துக் கொல்லைக்காரரும் போக மாட்டார்.